வெள்ளைக் கோட்டுக்கு முன்னால்

சக்கரத்தில் டைனமோ உரசும் சத்தம். டயரில் ஒரு சின்ன இரும்புத் தலை விடாமல் தேய்ந்து எழுப்பிய முனகல், அதன் முதுகில் ஏறியமர்ந்து வந்த வானொலிச் செய்தி. பற்றரியும் மின்சாரமும் யாழ்ப்பாணத்துக்குள் வராத வருடங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, முற்றத்தில் குந்தியிருந்து, கையால் மிதியைச் சுற்றுவார் குகதாசன், என் கணவர். கை தளர்ந்தால் செய்தி தளரும். எந்த ஊரில் எத்தனை பேர் என்று சொல்ல வாயெடுத்த குரல் கரகரத்து மங்கிப் போய்விடும். "சுத்துங்கோ, சுத்துங்கோ" என்பேன் நான். "சுத்துறன்தானே. நான் சுத்தாட்டி அங்க குண்டு விழாமல் நிண்டிடுமோ?" என்பார் அவர், சுற்றியபடியே. அந்தக் கை நின்றால் உலகம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று பயந்த காது இது. அதே காதைத்தான் இப்போது, இங்கிலாந்தின் நடுவில், புரட்டாதி வெயில் ஈரப்புல்லில் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு கால்வாய்க் கரையில், மதகு திறக்கும் இரும்புச் சாவியைக் கையில் பிடித்தபடி, கீழே கல் தொட்டிக்குள் நிற்கும் எங்கள் படகின் என்ஜினுக்குக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். டொக், டொக், டொக். கியரில் இருக்கும்போது அந்தச் சத்தத்துக்கு ஒரு கனம் உண்டு, நிறைகுடம் சுமக்கிறவள் நடைபோல. கியரை எடுத்துவிட்டால் லேசாகிவிடும். கனமாகத்தான் கேட்கிறது. அவர் மறக்கவில்லை. இதுவரைக்கும் மறக்கவில்லை.

இதை லொக் என்பார்கள். தண்ணீருக்குக் கட்டிய படிக்கட்டு என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்வேன். கால்வாய் சரிவில் இறங்க முடியாது. ஆகவே இரண்டு கதவுகளுக்கு நடுவில் படகை விட்டு, கீழ்க்கதவின் மதகைத் திறந்து, தண்ணீரை வெளியே விடுகிறோம். தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் தள்ளித் திறந்தால் படகு தாழ்ந்த கால்வாயில் மிதந்து போகும். இவ்வளவுதான். ஆனால் மேற்கதவுக்கு அடியில், தண்ணீருக்குள், கல்லால் ஒரு படி ஒளிந்திருக்கிறது. படகின் பின்பக்கம் அதற்கு மேலே நின்றுவிட்டால், தண்ணீர் இறங்கும்போது பின்பக்கம் கல்லில் குந்திக்கொள்ளும், முன்பக்கம் தண்ணீரோடு கீழே போய்விடும். படகு குத்துக்கரணம் போடும். அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு பூசியிருக்கிறது. சுக்கான் பிடிக்கிறவர், படகைக் கோட்டுக்கு முன்னாலேயே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மெல்ல முன் கியரில் விட்டுவிட்டு நின்றால் போதும். குழந்தைகூடச் செய்யும். மறக்காத எவரும் செய்யலாம். கோட்டிலிருந்து ஒரு கை தூரம் முன்னால் நிற்கிறார் குகதாசன். அவருடைய தோளுக்கு நேரே, சுவரின் வெடிப்பில், ஒரு பன்னச் செடி முளைத்திருக்கிறது. பச்சை இலை, பின்பக்கம் செம்பொட்டுகள். பன்னத்தைப் பார்த்தால் தண்ணீர் இறங்குவது தெரியும், பன்னம் அவருடைய தோளைவிட்டு மேலே போகும், தலைக்குப் போகும், அதற்கும் மேலே போகும். நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோட்டைப் பார்த்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்று பன்னத்தைப் பார்க்கிறேன். ஏனென்றால் வாசுகி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

வாசுகி எங்கள் மகள். மருந்துக் கடை வைத்திருக்கிறாள், எதையும் அளந்து கொடுத்துப் பழகியவள். கீழ்க்கதவுக்குப் பக்கத்தில் கார்ச் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். காலையில் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தபோது லொக் வெறுமையாகக் கிடந்தது. படகை உள்ளே விட முன்னர் அதை நிரப்ப வேண்டும். மேற்கதவுக்கு இரு பக்கமும் கரையில் இருக்கும் மதகுகளை நான் திறந்துவிட்டேன், நிரம்பியது, படகு உள்ளே வந்தது, கதவைச் சாத்தினேன், இந்தப் பக்கத்து மதகை இறக்கிக்கொண்டிருக்கும்போது கார்க் கதவு அடிபடும் சத்தம். புல்லில் குதிச் சப்பாத்து புதையப் புதைய வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "என்னம்மா இப்பிடி மெலிஞ்சு போனியள்? சாப்பிடுறேல்லையோ? தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இருக்கிறியளோ?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அம்மா, பேசினது பேசினதுதான். நான் பாத்துக்கொண்டு நிப்பன். அப்பா தனிய இந்த லொக்கைக் கடந்து காட்டவேணும். நீங்கள் சொல்லிக் குடுக்கக் கூடாது. கையும் காட்டக் கூடாது. கண்ணாலயும் கூடாது." "மூச்சு விடலாமோ?" என்று கேட்டேன். "பகிடி விடாதேங்கோ. பிழை விட்டால், இந்தக் குளிருக்கு முதல் படகு போகுது, அப்பா ஹோமுக்குப் போறார். நீங்கள் என்னோட வாறியள்." ஹோம் என்றால் முதியோர் இல்லம், அவள் முன்னமே போய்ப் பார்த்துவிட்டாள். சுத்தமாம். தமிழ் ஆட்களும் இருக்கிறார்களாம். சனிக்கிழமைகளில் புட்டு உண்டாம். அதை அவள் போனில் சொன்னபோது, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த இவர், "மாவை வறுத்துக் குழைக்கினமோ, இல்லாட்டிப் பச்சை மாவோ?" என்று கேட்டார். அது பகிடியா, உண்மையில் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அதுதான் பெரிய கஷ்டம். ஐம்பது வருடம் இவருடைய பகிடிகளை இனங்கண்டுகொண்ட எனக்கு, எது பகிடி, எது போய்விட்ட ஒன்று என்று பிரிக்கத் தெரியவில்லை.

கறிவேப்பிலையில்தான் தொடங்கியது. வெம்பிளிக்குப் போய்க் கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. வெயில் சாய்ந்த பிறகு யாரோ ஒரு பெண் போன் செய்தாள். மோட்டர்வேக் கரையில் ஒரு சேவை நிலையத்தில், கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை வெளியே போட்டபடி இருக்கிறார் என்றாள். நல்லவராகத் தெரிகிறார், தன் மனைவி ஆசிரியை என்று சொல்கிறார், எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை என்றாள். நானும் வாசுகியும் போனபோது மடியில் கறிவேப்பிலைக் கட்டு இருந்தது, வாடியிருந்தது, வாசனை மட்டும் இருந்தது. "எல்லா ரோட்டும் ஒரே மாதிரிக் கிடக்கு, தேவி. பேரை மட்டும் மாத்தி மாத்தி எழுதி வைச்சிருக்கிறாங்கள்" என்றார். இருபது வருடம் பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தவர், வழி தெரியாமல் வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வழி சொன்னவர். அதற்குப் பிறகு கார் ஓட்டவில்லை. ஓட்ட வேண்டாம் என்று எவரும் சொல்ல முன்னரே சாவியை என் கையில் தந்துவிட்டார். தந்த கை வெறுமையாக, என்ன செய்வதென்று தெரியாமல், மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எத்தனை மாதம் இருந்தேன். பிறகு ஒரு நாள் நடக்கப் போனபோது பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தார். ஒடுக்கமான படகு ஒன்று போனது, கறுப்பும் பச்சையும், கூரையில் விறகும் ஒரு பூச்சட்டியும். ஓட்டிக்கொண்டு போன மனிதருக்கு எங்களைவிட வயது கூட. எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். இவர் பாலத்தில் நின்று கேட்டார், "இது எங்க போகும்?" அந்த மனிதர் முன்னால் கையைக் காட்டினார். பிறகு பின்னாலும் காட்டினார். அவ்வளவுதான். முன்னுக்கு அல்லது பின்னுக்கு. அன்றைக்கு இவர் நித்திரை கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். தொலைந்து போக முடியாத ஒரு ரோட்டு, தேவி. வீட்டை விட்டுப் படகில் குடியேறியது அந்தச் சிரிப்பினால்தான்.

டொக், டொக், டொக். கனம்தான். பன்னம் தோளுக்கு நேரே. நான் கீழ் மதகை ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதிதான் திறந்திருக்கிறேன். மெல்ல இறங்கட்டும் என்று எப்போதும் அப்படித்தான். தண்ணீர் போகும் சத்தம் கதவுக்கு அப்பால் கேட்கிறது, உலை கொதிப்பதுபோல. டொரீன் தன் படகிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். லொக்குக்குக் கீழே, வில்லோ மரத்தடியில், அவளுடைய படகு கட்டியிருக்கிறது. புருஷன் போன பிறகு தனியாக ஓட்டுகிறவள், இடுப்பு எலும்பை மாற்றியவள், என்னை டெவி என்பவள். கீழ்க்கதவைத் தள்ளித் திறக்கும் நீண்ட மரக் கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கறுத்த முட்பழங்களைத் தொப்பியிலிருந்து எடுத்துத் தின்கிறாள். வாசுகி அவளிடம் கேட்கிறாள், மரியாதையாகத்தான், ஆனால் கேள்வியின் முனை எனக்கு என்று எனக்குத் தெரியும்: "ஏன் இந்தக் கால்வாயில் வயதானவர்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்? வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு இளம் முகம் இல்லை." டொரீன் பழத்தை மென்று முடித்துவிட்டுச் சொல்கிறாள்: "இளசுகளும் வரும். வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை பாலத்தில் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருவரோடொருவர் பேச்சில்லை. திங்கட்கிழமை போய்விடும்." வாசுகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "நிஜமாகத்தான் கேட்கிறேன்." "நிஜமாகத்தான் சொல்கிறேன், கண்ணு. இது நடக்கிற வேகத்தில் போகிற சாமான். அதற்கு மேல் விரட்டினால் கரை இடியும். எனக்கு இப்போது அந்த வேகம்தான் வரும். வேறு எங்கே போனாலும் எனக்குப் பின்னால் ஒருத்தர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார்."

பெருமூச்சு. எனக்கு அந்தப் பெருமூச்சைத் தெரியும். கடையில் காசு கட்டும் இடத்தில், என் விரல் இலக்கங்களைத் தேடும்போது, என் பிடரியில் படுவது. பஸ் படியில் ஏறும்போது முதுகில் படுவது. மருத்துவர் தன் திரையைப் பார்த்துக்கொண்டு விடுவது. வாசுகி விடுவதும்தான், பாவம், அவளுக்கே தெரியாமல் விடுகிறாள், போனில் நான் சொன்னதையே திரும்பச் சொல்லும்போது. இங்கே தண்ணீர் தன்பாட்டில் இறங்குகிறது. பெரிய பிரபு ஒருவருக்கும் அதே நேரம், எனக்கும் அதே நேரம். இறங்கி முடியும்வரைக்கும் எவராலும் கதவைத் திறக்க முடியாது, எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. இறங்கி முடிந்தபின், கிழவி நான், முதுகைச் சாய்த்தால் திறக்கிறது. காத்திருப்பதும் ஒரு வேலை என்று ஒத்துக்கொண்ட இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? அதுமட்டும் இல்லை, வாசுகி, இன்னொன்றும் இருக்கிறது, உனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும், அதுவும் உடனே போகாது. தள்ளிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பயந்து இன்னும் தள்ளினால் கெட்டது, நாணலுக்குள் போய் ஏறிவிடும். இளம் பிள்ளைகள் அங்கேதான் பிழை விடுகிறார்கள். சொன்னவுடன் கேட்காத ஒன்றோடு வெகுகாலம் குடித்தனம் பண்ணியிருக்க வேண்டும் இதற்கு. மாணவிகளோடு, மகளோடு, சொந்த முழங்காலோடு. இவர் முதல் நாளே அதைச் செய்தார். தள்ளினார், நின்றார், படகு யோசித்து, பிறகு திரும்பியது. "உம்மைப் போலத்தான்" என்றார் என்னைப் பார்த்து. அது பகிடி. அது நிச்சயமாகப் பகிடி.

தண்ணீருக்கு நான் பயந்தவள். பிள்ளையை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு போருக்கு நடுவில் கிளாலிக் கடலைப் படகில் தாண்டி வந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும், அதைப் பற்றி மேலே சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அந்தப் பிள்ளைதான் இதோ கார்ச் சாவியோடு நிற்கிறாள். "ஒருக்காப் படகில வந்தது போதாதோ, திரும்பவும் ஏன் தண்ணி?" என்று கேட்டவளும் இவள்தான். இந்தத் தண்ணி இடுப்பளவு, பிள்ளை. லொக்குக்கு வெளியே எங்கே விழுந்தாலும் எழும்பி நிற்கலாம். விழுந்தவர்கள் எல்லாரும் எழும்பி நின்று தாங்களே சிரிக்கிறார்கள். அப்படி ஒரு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு எழுபது வயதாயிற்று. காலையில் கண்ணாடிக்கு வெளியே தாரா வாத்து ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து பார்க்கும். கேத்தில் கொதிக்கும். மழை பெய்தால் கூரை முழுவதும் யாரோ அரிசி களைவதுபோல் இருக்கும். எங்கே போகிறோம் என்று எவரும் கேட்கமாட்டார்கள், எங்கேயிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் அதற்கு முந்தின லொக்கின் பெயரைச் சொன்னால் போதும். எத்தனை நாடு, எத்தனை அலுவலகம், எத்தனை பேர் கேட்ட கேள்வி அது. எங்கேயிருந்து வந்தீர்கள். இங்கேதான், அந்த வளைவுக்கு அப்பால் இருந்து.

லொக்குக்குள் மட்டும் இடுப்பளவு இல்லை. அதுதான். சித்திரையில் ஒரு நாள் இதேபோல் ஒரு லொக்கில், நான் மதகைத் திறந்துவிட்டு, தண்ணீரில் விழுந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று என்ஜின் லேசாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கியரில் கை இல்லை, இவர் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறார், படகு மெல்ல மெல்லப் பின்னுக்கு, கோட்டைத் தாண்டி. கத்தினேன். மதகை அடித்து இறக்கினேன். இவர் விழித்துக்கொண்டு முன்னுக்கு எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான் வாசுகிக்குச் சொல்லவில்லை. இவரே சொன்னார், போனில், பெரிய பகிடியாக: "அம்மா போட்ட சத்தத்தில மாடு கயிறறுத்துக்கொண்டு ஓடிட்டுது, பிள்ளை." மாடு ஒன்றும் ஓடவில்லை. வாசுகி சிரிக்கவும் இல்லை. அடுத்த கிழமைதான் ஹோம் பார்க்கப் போனாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அங்கே இவருக்கு ஒரு கட்டில், ஜன்னல், வட்டமாகப் போட்ட கதிரைகள், எல்லாக் கதிரையிலும் ஒவ்வொருவர், நடுவில் தொலைக்காட்சி. கதவுக்கு இலக்கம் அடித்துத் திறக்கும் பூட்டு. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. அந்தக் கை மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு இருக்கும். டொக், டொக், டொக். பன்னம் தோளுக்கு நேரே. இன்றைக்குக் காலையில் வாசுகியைப் பார்த்து, "மணி, எப்ப வந்தனீ? அத்தான் வரேல்லையோ?" என்று கேட்டார். மணி அவருடைய தங்கை, கொழும்பில் இருக்கிறாள். வாசுகி என்னைப் பார்த்தாள். நான் முட்பழப் பற்றையைப் பார்த்தேன். இவ்வளவும் மறக்கிற மனிதருக்கு ஒரு வெள்ளைக் கோடு எப்படி நினைவிருக்கும்? ஏன் நான் ஒத்துக்கொண்டேன்? ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் என்ன? எத்தனை நாளைக்கு அந்த என்ஜின் சத்தத்தைக் காவல் காப்பேன்? சுத்துங்கோ, சுத்துங்கோ. கை நோகுது, தேவி, கொஞ்சம் நீர் சுத்தும். சுற்றியிருக்கிறேன். இரண்டு பேரும் மாறி மாறிச் சுற்றித்தான் அந்தக் குரலைச் சாகவிடாமல் வைத்திருந்தோம். கை மாறும்போது ஒரு நொடி குரல் போய்விடும். அந்த நொடியில் சொன்ன ஊரின் பெயர் எது என்று தெரியாமல் விடியும்வரை இருந்திருக்கிறோம். பன்னம் தோளுக்கு நேரே. நல்ல பன்னம். இலையின் பின்னால் எத்தனை ஒழுங்காகப் பொட்டு வைத்திருக்கிறது.

லேசாகிவிட்டது. டொக்டொக்டொக். கனம் போய்விட்டது. கியரை எடுத்துவிட்டார். அவருடைய கை கியர் நெம்பில் இல்லை. முகம் சுவருக்குத் திரும்பியிருக்கிறது, பன்னத்தைப் பார்க்கிறார், அதன் பெயரை யாரோ கேட்டதுபோல, தனக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர் என்பதுபோல. இந்த முகம் எனக்குத் தெரியும். கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் முகம், கறிவேப்பிலைக் கட்டை மடியில் வைத்திருந்த முகம். கோடு அவருக்குப் பின்னால் ஒரு கை தூரம்தான். வாசுகிக்கு இந்தச் சத்தத்தின் வித்தியாசம் தெரியாது. அவள் இன்னும் என்னைத்தான் பார்க்கிறாள், என் முகத்தில் ஏதோ ஓடியதைக் கண்டுவிட்டாள், "அம்மா" என்று விரலைத் தூக்குகிறாள். கத்தினால் எல்லாம் முடிந்தது. படகு, தாரா, அரிசி களையும் மழை, எல்லாம். கத்தாவிட்டால் கல். பின்பக்கம் கல்லில் ஏறும், அந்தக் கூரை சரியும், இவர் நிற்கிற பலகை சரியும், கீழே இடுப்பளவு இல்லை. போகட்டும். படகு போகட்டும். கதிரையில் வட்டமாக இருத்தட்டும், புட்டுச் சாப்பிடட்டும், ஆள் இருக்கட்டும். சாவியைக் கீழ் மதகில் மாட்டப் பாய்கிறேன், வாயைத் திறக்கிறேன், அதற்குள் கீழே தொட்டிக்குள்ளிருந்து சுவரில் எதிரொலித்துக்கொண்டு ஒரு குரல் வருகிறது.

"தேவி! அந்தப் பக்கத்து மேல் மதகைப் பூட்டினீரோ?"

"என்னது?" என்று கேட்டது வாசுகிதான். "மேல் மதகு!" அவர் தலையை அண்ணாந்து, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறார். "எவ்வளவு நேரமா இந்தச் செடி எனக்குப் பக்கத்திலயே நிக்குது. தண்ணி கொஞ்சம் இறங்கி நிண்டிட்டுது. கியரை எடுத்துப் பாத்தன், படகு பின்னுக்கும் போகேல்லை. பின்னால இருந்து தண்ணி தள்ளிக்கொண்டிருக்கு. மேல வாறது முழுக்கக் கீழ போகுது. கடல் வத்திக் கருவாடு தின்ன நிண்ட கொக்கு மாதிரி நானும் நிக்கிறன்." சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமல், நெம்பைத் தள்ளி முன் கியரில் போட்டார். கனம் திரும்பி வந்தது. டொக், டொக், டொக். நான் திரும்பிப் பார்த்தேன். மேற்கதவுக்கு அந்தப் பக்கம், கரையில், மதகின் பல் வைத்த இரும்புத் தண்டு நிமிர்ந்து நின்றது. நான் திறந்தது. நான் பூட்டாதது. இந்தப் பக்கத்தை இறக்கும்போது கார்க் கதவு அடிபட்டது, என் பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தாள், அவளுடைய தலைமயிரின் மணம், மெலிஞ்சு போனியள், பிறகு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. மேலே இருந்து வந்த தண்ணீரும் கீழே போன தண்ணீரும் சமன், நடுவில் படகு அந்தரத்தில் நிற்க, நான் அசையாத தண்ணீரின் கரையில் நின்று இவ்வளவும் யோசித்திருக்கிறேன். பன்னம் நகரவில்லை, நகரவில்லை என்று என் கண் சொல்லிக்கொண்டே இருந்தது. அது என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர் கேட்டார்.

மேற்கதவின் ஒடுக்கமான பலகையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சாவியை மாட்டிச் சுற்றினேன். முதல் தரம் பல்லில் பிடிக்கவில்லை. தண்டு இறங்கியது, கொறகொறவென்று, வயதான நாயின் உறுமல்போல. தண்ணீரின் சத்தம் மாறியது. பன்னம் அவருடைய தோளைவிட்டு எழும்பியது, காதுக்குப் போனது, நரைத்த தலைக்கு மேலே போனது. பின்னால் ஈரமாகக் கறுப்பாக அந்தக் கல் படி வெளியே வந்தது, அதற்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம், அப்படியே. டொரீன் என்ன நடந்தது என்று கேட்டாள். வாசுகி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, "டாட் கண்டுபிடிச்சிட்டார், மம் மறந்திட்டா" என்ற இடத்துக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரக் கையில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அது சிரிப்பு முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. "இனி உங்களுக்குத்தான் அம்மா ஹோம் பாக்கவேணும்" என்றாள். கீழேயிருந்து அவர், "உங்கட அம்மா ரீச்சர் எல்லே. தண்ணிக்கும் பாடம் எடுத்துக்கொண்டு நிண்டிருப்பா" என்றார். "ஓமோம், உங்களுக்குக் கதை வந்திட்டுது" என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது, கிணற்றிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல. டொரீன் பழத்தொப்பியை என்னிடம் நீட்டினாள். "நாங்கள் எல்லாருமே அதைச் செய்திருக்கிறோம், டெவி. என்னுடையவர் உயிரோடு இருந்தபோது ஒரு முழுப் பகல் நின்றோம். மேலே இருந்த கால்வாயே காலியாகிவிடும் என்று ஒரு ஆள் வந்து சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது." பழம் ஒன்றை வாயில் போட்டேன். புளிப்பு. பிறகு நல்ல இனிப்பு.

கதவு இறுகி நின்று, பிறகு தளர்ந்தது. தண்ணீர் இரு பக்கமும் ஒன்றாகிவிட்டால் அது தளரும், அந்தத் தளர்வு முதுகெலும்பில் தெரியும். நானும் வாசுகியும் ஒரே மரக் கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினோம், அவளுடைய குதிச் சப்பாத்துப் புல்லில் வழுக்கியது, "கழட்டிப்போட்டுத் தள்ளடி" என்றேன், கழற்றினாள், வெறுங்காலோடு தள்ளினாள். படகு எங்களுக்குக் கீழே, நடக்கிற வேகத்தில், ஒரு பக்கச் சுவரிலும் முட்டாமல் வெளியே போனது. இவர் சுக்கானை மெல்லத் தள்ளினார், நின்றார். படகு யோசித்தது. பிறகு வில்லோ மரத்தை விட்டு விலகிக் கரைக்குத் திரும்பியது. கயிற்றைச் சுருட்டி எடுத்து, கரையில் ஓடிவந்த எங்கள் மகளைப் பார்த்து எறிந்தார். "மணி, இதைப் பிடி. இறுக்கிக் கட்டாதை, தளர விட்டுக் கட்டு." வாசுகி கயிற்றைப் பிடித்து, "ஓம் அண்ணை" என்று சொல்லி, தளர விட்டுக் கட்டினாள். அன்றைக்கு மத்தியானம் படகிலேயே சாப்பிட்டோம், நான்தான் புட்டு அவித்தேன், மாவை வறுத்துக் குழைத்தது. வாசுகி ஹோமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது காருக்குள் ஏறிய பிறகு இறங்கி வந்து, "ஒவ்வொரு லொக்கிலயும் நீங்கள் ரெண்டு பேரும் ஆளுக்காள் கேக்கவேணும், பூட்டினியளோ, கோட்டுக்கு முன்னால நிக்கிறியளோ எண்டு" என்று மட்டும் சொன்னாள். அப்படியே கேட்டோம். ஆளுக்காள், சத்தமாக, எல்லா லொக்கிலும்.

அவர் ஹோமுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் இலை பழுக்கத் தொடங்கிய நாட்களில், ஒரு காலை, தேத்தண்ணி கேட்டுவிட்டு, கேத்தில் கொதிக்க முன்னர், படகில் இறந்துபோனார்.